வைட்டமின் டி குறைந்ததால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் வைட்டமின் டி குறைந்ததா?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கம். வாசிப்பு வசதிக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

பாலவாக்கத்திலிருந்து பேசுகிறேன். ஐப்பசி, கார்த்திகை வந்தாலே நம்ம ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் இருமிக்கொண்டிருப்பார். கிளினிக்கில் உட்கார்ந்தால் பத்துப் பேரில் ஏழு பேர் சளி, காய்ச்சல்தான். கோவிட் காலத்துக்குப் பிறகு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கு. காய்ச்சலோடு வருகிறவர்கள் கையில் ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் கொண்டு வருகிறார்கள். அதில் வைட்டமின் டி என்று போட்டு, பக்கத்தில் சிவப்பில் ஓர் எண் இருக்கும். 14, 12, சிலருக்கு 9. "டாக்டர், இது குறைஞ்சதாலதான் எனக்கு அடிக்கடி சளி பிடிக்குதா? நுரையீரல் வீக்கம் வந்துடுமா?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. ஆனால் ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதனால் இன்றைக்கு முழுக்க அதைப் பற்றியே பேசலாம். வைரஸ் சுவாசநோய் வந்தவர்களின் உடலில் வைட்டமின் டி அளவுக்கும் அழற்சிக்கும் என்ன உறவு? அந்த உறவு உண்மை என்றால், மாத்திரை கொடுத்தால் நோய் குறையுமா?

இவ்வளவு வெயிலில் எப்படிக் குறைகிறது?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். கடற்கரையில் இருக்கிறோம், வெயிலுக்கா பஞ்சம்?

வைட்டமின் டி பெரும்பாலும் தோலில்தான் தயாராகிறது. வெயிலில் இருக்கும் புற ஊதா 'பி' கதிர் தோலில் படும்போது, அங்கே இருக்கும் கொலஸ்டிரால் வகைப் பொருள் ஒன்று வைட்டமின் டி ஆக மாறுகிறது. இந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. காலையிலும் மாலையிலும் சூரியன் சாய்ந்திருக்கும்போது மிகக் குறைவாகத்தான் வரும். திருப்பதியில் டாக்டர் சி.வி. ஹரிநாராயண் குழுவினர் இதை ஆராய்ந்தார்கள். திருப்பதியும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, அதாவது 13 டிகிரி வடக்கு. காலை 11 மணியிலிருந்து மதியம் 2 மணி வரையான வெயிலில்தான் இந்த மாற்றம் நன்றாக நடக்கிறது என்பது அவர்களுடைய முடிவு. வயலில் சட்டையில்லாமல் நாள் முழுக்க வேலை செய்த கிராமத்துத் தொழிலாளர்களிடம் நகரத்துக்காரர்களைவிட அளவு அதிகமாக இருந்தது என்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

இப்போ பாலவாக்கத்தையே எடுத்துக்கோங்க. குப்பத்தில் மதியம் வலை பின்னுகிறவருக்கு இந்த வெயில் கிடைக்கிறது. ஈ.சி.ஆர். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்து காரில் ஏறி, பெருங்குடியில் ஏசி அலுவலகத்தில் இறங்கி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவருக்குக் கிடைப்பதில்லை. விடிகாலையில் பீச்சில் நடப்பது இதயத்துக்கு நல்லது. வைட்டமின் டி-க்கு அது பெரிதாக உதவாது. நம் தோலின் கருமையும் கதிரை வடிகட்டுவதால், நமக்குக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. ஆக, வெயில் கொளுத்தும் ஊரில் குறைபாடு இருப்பது அதிசயமில்லை.

எலும்புக்கு மட்டும்தானா?

பள்ளியில் எலும்புக்கும் கால்சியத்துக்கும் வைட்டமின் டி என்று படித்தோம். தோலில் உருவான வைட்டமின், கல்லீரலில் ஒருமுறை மாறுகிறது. அந்த வடிவத்தைத்தான் லேபில் அளக்கிறார்கள். பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு முறை மாறி வேலை செய்யும் வடிவமாகிறது.

இந்தக் கடைசி மாற்றத்தைச் செய்கிற நொதி, நோய் எதிர்ப்பு அணுக்களிலும் இருக்கிறது. கிருமி உள்ளே வந்ததை உணர்ந்ததும், மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணு தனக்குத் தேவையான செயல்படும் வைட்டமின் டி-யைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அது கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைச் சுரக்கத் தூண்டுகிறது. இதை 2006-இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் காசநோய்க் கிருமியை வைத்துக் காட்டினார்கள். நம் சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் வைட்டமின் டி ஏற்பி பற்றியும் இந்தப் புரதம் பற்றியும் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறது.

இரண்டாவது வேலை, கட்டுப்படுத்துவது. வைரஸ் வந்தால் உடல் சைட்டோகைன் என்ற செய்தி மூலக்கூறுகளை அனுப்புகிறது. ஐ.எல்.-6, டி.என்.எஃப். ஆல்ஃபா எல்லாம் அந்தக் குடும்பம். இவைதான் காய்ச்சலையும் வீக்கத்தையும் கொண்டு வருகின்றன. அளவோடு இருந்தால் நல்லது. அளவு மீறினால் வைரஸ் செய்கிற சேதத்தைவிட நம் எதிர்ப்புச் சக்தி செய்கிற சேதம் பெரிதாகிவிடும். கோவிட்டில் நுரையீரல் கெட்டுப்போனதுக்கு முக்கியக் காரணம் இதுதான். ஆய்வுக்கூடத்தில் அணுக்களின்மேல் வைட்டமின் டி-யைச் சேர்த்தால், இந்தச் சைட்டோகைன் சுரப்பு குறைவதைப் பார்க்க முடிகிறது.

அதாவது கதை கச்சிதமாக இருக்கிறது. கிருமியைக் கொல்லவும் உதவுகிறது, அழற்சியை அடக்கவும் உதவுகிறது. ஆனால் பாத்திரத்தில் நடப்பது படுக்கையில் கிடக்கும் மனிதரிடம் நடக்குமா என்பது வேறு கேள்வி.

ஜான்சியிலிருந்து வந்த எண்கள்

2020 நவம்பரில் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் ஒரு இந்திய ஆய்வு வந்தது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்சியில் உள்ள மகாராணி லட்சுமிபாய் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அன்ஷுல் ஜெயின் குழுவினர் செய்தது. இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பல செய்திகளுக்கு மூலம் இதுதான்.

மொத்தம் 154 கோவிட் நோயாளிகள். அதில் 91 பேருக்கு அறிகுறியே இல்லை. மற்ற 63 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள். அறிகுறி இல்லாதவர்களின் சராசரி வைட்டமின் டி 27.89 நானோகிராம். ஐசியூவில் இருந்தவர்களுக்கு 14.35. பாதிதான். முதல் குழுவில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் குறைபாடு. ஐசியூ குழுவில் 63 பேரில் 61 பேருக்குக் குறைபாடு. ஐ.எல்.-6, ஃபெர்ரிட்டின் ஆகிய அழற்சிக் குறியீடுகளும் குறைபாடு உள்ளவர்களிடம் அதிகமாக இருந்தன. ஃபெர்ரிட்டின் சராசரி 187-க்கு எதிராக 319. இறப்பு விகிதம், குறைபாடு உள்ளவர்களில் 21 சதவீதம், மற்றவர்களில் 3.1 சதவீதம்.

கேட்டால் யாருக்கும் உடனே மருந்துக்கடைக்கு ஓடத் தோன்றும். கொஞ்சம் நிதானமாகப் பாருங்க. போதுமான வைட்டமின் டி இருந்தவர்கள் 64 பேர். அவர்களில் ஐசியூவில் இருந்தவர்கள் எத்தனை பேர்? 63-இல் 61 பேருக்குக் குறைபாடு என்றால், மிச்சம் இரண்டே பேர். மற்ற எல்லோரும் அறிகுறியே இல்லாமல் இருந்தவர்கள். குறைபாடு உள்ளவர்களிலோ மூன்றில் இரண்டு பங்கு ஐசியூ நோயாளிகள். ஆக 21 சதவீதம், 3.1 சதவீதம் என்ற ஒப்பீடு உண்மையில் ஐசியூவில் இருந்தவர்களையும் அறிகுறி இல்லாதவர்களையும் ஒப்பிடுகிற மாதிரிதான். ஐசியூவில் இறப்பு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

ஆய்வு பொய் என்று நான் சொல்லவில்லை. இந்த அளவீடு உண்மை, உறவும் உண்மை. எது காரணம், எது விளைவு என்பதைத்தான் இந்த எண்கள் சொல்லவில்லை.

பாஸ்புக் உதாரணம்

ஒரு உதாரணம் சொல்றேன். ஆஸ்பத்திரியில் ஆள் படுத்திருக்கும் குடும்பத்தின் பாஸ்புக்கை வாங்கிப் பாருங்க. இருப்பு குறைவாகத்தான் இருக்கும். "கணக்கில் பணம் குறைஞ்சதாலதான் அவருக்கு நோய் வந்தது" என்று சொல்வோமா? நோய் வந்ததால் பணம் குறைந்தது. சில குடும்பங்களில் முன்பே பணமில்லாததால் நல்ல சாப்பாடு இல்லாமல், வைத்தியத்தைத் தள்ளிப்போட்டு நோய் முற்றியிருக்கலாம். இரண்டும் நடக்கும். பாஸ்புக்கை ஒருநாள் மட்டும் பார்த்தால் எது எதுவென்று தெரியாது.

வைட்டமின் டி-யும் இப்படித்தான். அழற்சி வந்தாலே ரத்தத்தில் அதன் அளவு இறங்குகிறது. 2011-இல் ஸ்காட்லாந்தில் ஒரு ஆய்வு வெளியானது. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்கு வந்த 33 பேர். இவர்களுக்கு எந்தத் தொற்றும் இல்லை. திட்டமிட்ட அறுவை சிகிச்சை, அவ்வளவுதான். முன்பும் பின்பும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அழற்சிக் குறியீடான சி.ஆர்.பி. ஏறியது. சில நாட்களிலேயே வைட்டமின் டி சுமார் 40 சதவீதம் இறங்கியது. அந்த ஒரு வாரத்தில் அவர்கள் வெயிலையோ உணவையோ இழந்ததால் நடந்தது இல்லை. அழற்சியின்போது வைட்டமின் டி-யை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதம் குறைவதும் இதற்கு ஒரு காரணம்.

அதனால் காய்ச்சலின் நடுவில் எடுத்த ரிப்போர்ட்டில் 14 என்று இருந்தால், காய்ச்சலுக்கு முன்னால் 20 தாண்டி இருந்திருக்கலாம். இன்னொரு பக்கம் வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், உடல் பருமன் உள்ளவர்கள், வெளியே நடமாட முடியாதவர்கள் ஆகியோருக்கு வைட்டமின் டி ஏற்கெனவே குறைவாக இருக்கும். கோவிட் முற்றியதும் இவர்களுக்குத்தான். பலவீனமான உடம்பின் அடையாளமாகவும் அந்த எண் இருக்கலாம்.

கொடுத்துப் பார்த்தால் என்ன ஆச்சு?

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரே வழி, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் கொடுத்துப் பார்ப்பது.

சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனை 2020-இல் அதைச் செய்தது. லேசான நோயும் குறைபாடும் இருந்த 40 பேர். 16 பேருக்குத் தினமும் 60,000 யூனிட், ஏழு நாள். அவர்களில் 10 பேருக்கு வைரஸ் பரிசோதனை நெகட்டிவ் ஆனது. மற்ற 24 பேரில் 5 பேருக்குத்தான் ஆனது. ஃபைப்ரினோஜன் என்ற அழற்சிக் குறியீடும் இறங்கியது. ஸ்பெயினின் கோர்டோபாவில் 76 பேரிடம் நடந்த சிறிய ஆய்விலும் நல்ல முடிவு. வைட்டமின் டி-யின் ஒரு வடிவத்தைப் பெற்ற 50 பேரில் ஒருவர்தான் ஐசியூவுக்குப் போனார். பெறாத 26 பேரில் 13 பேர் போனார்கள். உலகமே நம்பிக்கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தது.

பெரிய ஆய்வுகள் வந்ததும் அந்த நம்பிக்கை இறங்கியது. பிரேசிலில் சாவ் பாவ்லோவில் மருத்துவமனையில் சேர்ந்த சுமார் 240 பேர். பாதிப் பேருக்கு ஒரே தடவையில் 2,00,000 யூனிட். அவர்களின் ரத்தத்தில் அளவு ஏறியது. ஆனால் மருத்துவமனையில் தங்கிய நாள், இறப்பு, வென்டிலேட்டர் தேவை எதிலும் வித்தியாசமில்லை. 2022-இல் பிரிட்டனில் 6,200 பேர், நார்வேயில் 34,000-க்கும் மேற்பட்டவர்கள். நார்வேயில் கொடுத்தது மீன் எண்ணெய். இரண்டு இடத்திலும் கோவிட்டோ மற்ற சுவாசத் தொற்றோ குறையவில்லை.

கோவிட்டுக்கு முன்பே, 2017-இல் 25 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சுவாசத் தொற்றுகளை வைட்டமின் டி ஓரளவு தடுக்கிறது என்று தெரிந்தது. கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு, தினமும் அல்லது வாரம் ஒருமுறை சிறிய அளவில் கொடுத்தால் பலன் கூடுதல் என்றார்கள். அதே குழு 2025-இல் 46 ஆய்வுகள், 64,000 பேர் என்று விரிவாக்கிப் பார்த்தது. பலன் தேய்ந்து, புள்ளியியல் ரீதியாக உறுதி சொல்ல முடியாத அளவுக்கு வந்துவிட்டது.

இந்தப் பாடம் சென்னைக்குப் புதிதில்லை

1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் தொடங்கினார். இன்றும் ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர்தான். நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான உணவு என்பதுதான் அந்தக் காலத்துச் சிகிச்சை. மருந்துகள் வந்த பிறகும், சானடோரியத்தில் படுக்க வைத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பியது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையம் ஒரு குழுவைச் சானடோரியத்திலும், ஒரு குழுவை அவரவர் நெருக்கடியான வீட்டிலும் வைத்து, இருவருக்கும் ஒரே மருந்து கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு உணவும் ஓய்வும் குறைவு. ஆனாலும் இரு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். 1959-இல் வந்த அந்த 'மெட்ராஸ் ஸ்டடி' உலகத்தின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது.

பிறகு வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வில், காசநோயாளிகள் 247 பேரில் ஒரு பகுதியினருக்கு மருந்தோடு வைட்டமின் டி-யும் பெரிய அளவில் கொடுத்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. சளியிலிருந்து கிருமி மறைய எடுத்த காலம் குறையவில்லை. காசநோய் பாக்டீரியாவால் வருவது, வைரஸ் இல்லை. ஆனால் கேத்தலிசிடின் கதை அங்கேதான் தொடங்கியது என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு நேயரின் கடிதம்

பெசன்ட் நகரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். 2021 மே மாதம் அவருடைய அப்பா கோவிட்டில் இறந்துவிட்டார். ஐசியூ ரிப்போர்ட்டில் வைட்டமின் டி 11. பிறகு ஜான்சி ஆய்வு பற்றிக் குடும்ப குரூப்பில் யாரோ பகிர்ந்திருக்கிறார்கள். "ஒரு சாஷே வாங்கிக் கொடுத்திருந்தால் அப்பா இருந்திருப்பாரோ என்று நாலு வருஷமாக யோசிக்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, உங்கள் அப்பாவின் தனிக்கணக்கை யாராலும் எழுத முடியாது. ஆனால் ஆய்வுகள் சொல்வதைச் சொல்கிறேன். அந்த 11 என்ற எண், அவர் உடம்பில் எரிந்துகொண்டிருந்த அழற்சியால் இறங்கிய எண்ணாக இருக்கலாம். படுக்கையில் சேர்ந்த பிறகு அதை உயர்த்தியது சாவ் பாவ்லோவில் யாரையும் கூடுதலாகக் காப்பாற்றவில்லை. முன்கூட்டியே கொடுத்ததும் பிரிட்டனிலோ நார்வேயிலோ நோயைத் தடுக்கவில்லை. நீங்கள் வாங்காத அந்தப் பாக்கெட்டில் அப்பாவின் உயிர் இருந்தது என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

அழற்சியை அடக்கியது எது?

கோவிட்டில் அழற்சி முக்கியம் என்ற யோசனை சரியானதுதான். அதை நிரூபித்தது ஒரு மலிவான ஸ்டீராய்டு, டெக்ஸாமெத்தசோன். 2020 ஜூனில் பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு முடிவு வந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ எந்தப் பலனும் இல்லை. எந்த மருந்து, யாருக்கு, எந்த நேரத்தில் என்பதை இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு.

சரி, நாம என்ன செய்யணும்?

வைட்டமின் டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எலும்புக்கும் தசைக்கும் அது கண்டிப்பாகத் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் நாளுக்கு 600 யூனிட் என்று பரிந்துரைத்தது. வீட்டோடு இருக்கும் முதியவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள் ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்டுக் கொடுக்கலாம். உண்மையான குறைபாட்டைச் சரி செய்யத்தான் வேண்டும்.

காய்ச்சலின் நடுவில் வைட்டமின் டி டெஸ்ட் எடுக்காதீங்க. எடுத்தே ஆகணும் என்றால் குணமாகிச் சில வாரம் கழித்து எடுங்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாக இந்த டெஸ்ட் தேவையில்லை என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கமே 2024-இல் சொல்லிவிட்டது.

60,000 யூனிட் சாஷேயோ மாத்திரையோ பொதுவாக வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம் என்றுதான் எழுதித் தருவோம். என்னிடம் வந்த ஒரு பெரியவர் அதைத் தினமும் ஒன்று என்று மூன்று மாதம் சாப்பிட்டிருந்தார். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், பேச்சில் குழப்பம். ரத்தத்தில் கால்சியம் எகிறி, சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்தது. நல்லவேளையாக மீண்டுவிட்டார். இது கொழுப்பில் கரையும் வைட்டமின். மிச்சமானது உடம்பிலேயே தங்கிவிடும். சண்டிகரில் ஏழு நாள் கொடுத்தது மருத்துவர் கண்காணிப்பில். அதைப் பார்த்து வீட்டில் செய்யக் கூடாது.

சளி, காய்ச்சலில் கவனிக்க வேண்டியது வேறு. மூச்சு வாங்குகிறதா, ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போகிறதா, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் இறங்காமல் இருக்கிறதா, பெரியவர்கள் தூக்கத்திலேயே கிடக்கிறார்களா என்று பாருங்கள். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். அறுபது தாண்டியவர்களும் சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசி பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்த அத்தியாயத்தில், அதே ரிப்போர்ட்டில் பலரைப் பயமுறுத்துகிற இன்னொரு எண்ணைப் பற்றிப் பேசலாம்: சி.ஆர்.பி. கேள்விகளை அனுப்புங்க. ரிப்போர்ட்டின் போட்டோவை மட்டும் அனுப்பாமல், எந்த நாள் எடுத்தது, அப்போது காய்ச்சல் இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்க.